கடைசி வரி தெரியுதா?

நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது "தெரியுதா?" என்று கேட்பேன். மேலே பெரிய எழுத்தில் தொடங்கி வரிக்கு வரி சின்னதாகிக்கொண்டே போகும் அட்டை ஒன்று என் கடைச் சுவரில் தொங்குகிறது. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டால், ஏதோ பரீட்சையில் பாஸாகிவிட்ட மாதிரி ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். இருபத்தெட்டு வருஷமாக ஊரார் கண்ணுக்குக் குறை சொல்லிப் பிழைக்கிறேன். என் கண்ணின் யோக்கியதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எழுதினால் மனசு ஆறும் என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பேருந்து நிலையத்தின் விசாரணைக் கூண்டுக்குள் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் யாருக்கும் தெரியாது, விசாரணை அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே மைக் கெட்டுப்போனாலும் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள், அவள் தொண்டையே ஆறாவது நடைமேடை வரைக்கும் எட்டும். கடைசி வண்டியைத் தவறவிட்டுத் தலையில் கை வைத்து நிற்கிற ஆளிடம், "விடுங்க, காலையில அஞ்சரைக்கு முதல் வண்டி. உங்கள விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு டிரைவர்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்று சிரிப்பாள். சொல்லியும் வைப்பாள். மாமா அதே நிலையத்தில் கண்டக்டர். அவரை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டால், "ஒரு கேள்வி கேக்க வந்தார். நான் பதில் சொல்றதுக்குள்ள டிக்கெட் கிழிச்சுட்டார்" என்பாள்.

நான் கடை திறந்த வாரம் மாமாவின் வண்டி கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்றது. படிக்கட்டில் தொங்கியபடியே ஒரு காகிதத்தை என் கையில் திணித்துவிட்டு விசில் ஊதிப் போய்விட்டார். பிரித்தேன். முதல் வரியில் உள்ளங்கை அகலத்துக்கு "டேய்". அடுத்த வரி கொஞ்சம் சின்னது. அதற்கடுத்தது இன்னும் சின்னது. என் கடை அட்டையை அப்படியே காப்பியடித்திருந்தாள். கடைசி வரியைப் படிக்க லென்ஸை எடுக்கவேண்டியிருந்தது. "எந்தக் கண்ணாடியும் நிக்காது, உன் மூக்கு அப்படி" என்று இருந்தது. பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"கடைசி வரி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. உன் மூக்கும் அதே அச்சுதான்."

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒன்றாவது வரும். நல்ல சேதி, கெட்ட சேதி, வீட்டுக்கு வா என்கிற அழைப்பு எல்லாம் அந்த மாதிரிக் காகிதத்தில்தான். கடைசி வரியில் கட்டாயம் ஒரு கிண்டல் இருக்கும். எங்கள் இருவருக்கு மட்டும் பிடிபட்ட கிறுக்குத்தனம். இந்த விளையாட்டை ஆடாத வேறு எவனும் நான் பின்னால் செய்த தப்பைச் செய்திருக்கமாட்டான்.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயதான சமயத்தில் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று இப்போது சொல்கிறேன், அப்போது யாருக்கும் அது ஆரம்பமாகப் படவில்லை. முதலில் குரல் இறங்கியது. கூண்டுக்கு வெளியே நிற்பவர்கள், "என்னம்மா, வாய்க்குள்ளயே பேசறீங்க" என்றார்கள். இத்தனை வருஷம் கத்தின தொண்டை, தேயாமல் என்ன செய்யும் என்றோம். அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது அவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு யோசனையில் இருக்கிறாள் என்றோம். தூக்கத்தில் கையையும் காலையும் வீசினாள். "பஸ்ஸுல மிதிபட்டது பத்தாதுன்னு வீட்டுலயும் மிதி வாங்கறேன் மாப்ள" என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். நடக்கும்போது இடது கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியே வந்தது. தோளில் பை மாட்டி மாட்டிப் பழகிப்போச்சு என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

பிறகு முகம். ஒரே மாதத்தில் மூன்று புகார் வந்தது, மூன்றிலும் ஒரே வாசகம்: விசாரணையில் இருக்கும் அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நிலைய அதிகாரி அவளைக் கூண்டிலிருந்து எடுத்து, தொலைந்த பொருட்கள் அறையில் போட்டார். யாரோ விட்டுப்போன குடைகள், பைகள், ஒரு தடவை ஒரு பல்செட்கூட. ஒவ்வொன்றிலும் தேதியும் வண்டி எண்ணும் எழுதிச் சீட்டுக் கட்டவேண்டும். அவள் எழுதிய சீட்டைப் படிக்க முடியவில்லை என்று அதற்கும் புகார். இடம் மாற்றிய வருத்தத்தில் மனுஷி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த வருஷம்தான் என் மனைவி படுத்தாள். மூன்று மாதம் ஆஸ்பத்திரி. அக்கா ஒரு நாள் தவறாமல் வேலை முடிந்து வருவாள். கட்டில் பக்கத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிவிடுவாள். மெதுவாக, ரொம்ப மெதுவாக வாருவாள். பேச்சு இருக்காது. முகத்தில் ஒன்றும் இருக்காது. ஒரு நாள் அக்கா போன பிறகு என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, அண்ணி என்மேல கோவமா இருக்காங்களா?"

"அவளுக்கு என்ன கோவம்?"

"தெரியல. நான் ஏதாவது சொல்லிட்டேனா? என்னப் பாக்கறாங்க, ஆனா பாக்காத மாதிரி இருக்கு."

அவளைச் சமாதானப்படுத்திவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் என் மனைவி போய்விட்டாள்.

வீடு நிறைய ஆட்கள். அழாத ஆளில்லை, பால்காரர்கூட வாசலில் நின்று அழுதார். அக்கா வந்து என் மனைவியின் தலைமாட்டில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தேன். வண்டி வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது என்பது போல இருந்தது. எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. நான் சட்டென்று கோபப்படுகிறவன், என் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"ஒரு சொட்டுக் கண்ணீருக்குக்கூட வழியில்லன்னா எதுக்கு வந்த? முகம் கொடுக்கவே கஷ்டமா இருந்தா இனிமே இந்தப் பக்கம் வராத."

அவள் உதடு அசைந்தது. என்னமோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவள் திரும்புவதற்கே நேரம் எடுத்தது. அதையும் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் மாமாவின் வண்டி கடை வாசலில் நின்றது. அவர் என்னிடம் பேசவில்லை. காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பாள் என்றுதான் பிரித்தேன். முதல் வரியில் பெரிதாக "தம்பி". இரண்டாவது வரி அதைவிடச் சின்னது: "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அதற்குக் கீழே இன்னும் சின்னது, இன்னும் சின்னது, கடைசியில் ஒரு கோடு. பெண்டாட்டியைப் பறிகொடுத்துப் பதினைந்து நாள்தான் ஆகிறது, இவளுக்கு விளையாட்டுக் கேட்கிறதா என்று உடம்பெல்லாம் எரிந்தது. உடைந்த பிரேம்களைப் போட்டுவைக்கும் டிராயரில் அதைத் திணித்து மூடினேன். சாயங்காலம் போன் அடித்தது. அவள்தான். நான் எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. என் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் பத்து இருக்கின்றன. கடை திறந்ததும் ஒவ்வொன்றாகத் துடைப்பது என் வழக்கம். துடைக்கத் துடைக்க அந்த முகம்தான் நினைவுக்கு வரும். என் மனைவியின் தலைமாட்டில் நின்ற முகம். சில நாள் ஐந்தாவது கண்ணாடியோடு நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

மாமா ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கண்ணு எரியுதுங்கறா மாப்ள. வேற கடைக்குப் போலாம்னேன், கேக்கமாட்டேங்கறா" என்றார். நான் நாற்காலியைக் காட்டினேன். வாடிக்கையாளருக்கு நாற்காலி காட்டித்தானே ஆகவேண்டும்.

அவள் உட்காரும்போது பொத்தென்று விழுந்தாள். அட்டையைக் காட்டி, "தெரியுதா?" என்றேன். உதடு அசைந்தது. "சத்தமா சொல்லு" என்று அதட்டினேன். படித்தாள், ஆனால் பக்கத்தில் நிற்கிற எனக்கே எட்டவில்லை. சோதனைப் பிரேமை மாட்டுவதற்காகக் குனிந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகம் ஒரு சாண் தூரத்தில். அப்போதுதான் கவனித்தேன், அவள் இமைக்கவில்லை. மனசுக்குள் எண்ணினேன். பதினெட்டு எண்ணிய பிறகு ஒரு தடவை இமைத்தாள். மடியில் சும்மா கிடந்த இடது கையில் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலோடு உரசி உரசி ஆடிக்கொண்டிருந்தது. பிரேமைப் பிடிக்கக் கையைத் தூக்கியதும் ஆட்டம் நின்றது. இறக்கியதும் மறுபடி வந்தது.

இந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வருஷாவருஷம் என்னிடம் கண்ணாடி மாற்றுவார். அவருக்கும் இதே இமைக்காத பார்வை, இதே விரல். பார்க்கின்சன் நோய் என்று அவர் மகள் எனக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறாள். ஊரான் முகத்தில் தெரிந்தது, கூடப் பிறந்தவள் முகத்தில் தெரியவில்லை.

"மாமா, இது கண்ணு இல்ல. நரம்பு டாக்டர்கிட்ட போகணும்" என்றேன்.

நரம்பு மருத்துவர் அவசரப்படாத மனிதர். அவளை நடக்கவிட்டார், திரும்பவிட்டார். விரல்களைத் தட்டச் சொன்னார், இடது கை ஏழெட்டுத் தட்டிலேயே சோர்ந்தது. வாசனை தெரிகிறதா, தூக்கத்தில் கை கால் வீசுகிறாளா, மலச்சிக்கல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஆட்ட ஆட்ட அவர் முகம் வெளிறியது. பிறகு மருத்துவர் ஒரு காகிதத்தைக் கொடுத்து நாலு வரி எழுதச் சொன்னார்.

அக்கா எழுதினாள். முதல் வரி பெரிதாக இருந்தது. இரண்டாவது சின்னது. நாலாவது வரி எறும்பு வரிசை.

"எழுத்து இப்படிச் சுருங்கிட்டே போறது இந்த நோயோட அடையாளங்கள்ல ஒண்ணு. முகத்துல உணர்ச்சி தெரியாம போறதும் அப்படித்தான். உள்ள எல்லாம் இருக்கும், வெளிய வராது" என்றார் மருத்துவர். "எழுத்து எப்பலருந்து இப்படி?"

அக்கா என்னைப் பார்த்தாள். "இவனுக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு லெட்டர் போட்டேன். படிச்சியா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "படிச்சேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம், வெட்கம், வேறென்ன. அக்காவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவள் பேனாவை மூடி வைக்க முயன்றாள், மூடி சரியாக மாட்டவில்லை.

கடைக்குப் போய் டிராயரை அப்படியே வெளியே இழுத்துக் கொட்டினேன். பிரேம்களுக்கு அடியில் காகிதம் கிடந்தது. லென்ஸ் வைத்துப் படித்தேன்.

"போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவ என்கிட்டயே கேட்டா, அண்ணி என்மேல கோவமான்னு. இல்லடின்னு சொன்னேன். அவ என் மூஞ்சியப் பாத்தா, திரும்பிப் படுத்துக்கிட்டா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு அழுதேன். மூஞ்சி அப்படியே இருக்கு. எனக்கு என்னமோ ஆகுது தம்பி. உன் மாமாவுக்குப் புரியல. கண்ணப் பாத்தே ஆளு எப்படின்னு சொல்றவன் நீ. ஒரு தடவ வந்து என்னப் பாரு."

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு நூல். என்னிடமிருக்கிற லென்ஸ்கள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடப் பிரியவில்லை. அது என்ன என்று அவளிடம்தான் கேட்கவேண்டும். கேட்டால், படித்தேன் என்று சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். கேட்காவிட்டால், "வந்து என்னப் பாரு" என்று அவள் கெஞ்சியதைப் படித்தும் நான் வராமல் இருந்தேன் என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக விழுந்து விழுந்து வேலை செய்தேன். மாத்திரை நேரம் தவறினால் அவள் உடம்பு இறுகிவிடும். அதனால் என் போனிலும் மாமா போனிலும் மணி வைத்தோம். தினமும் நடக்க வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் காலையில் கூடவே நடந்தேன். சட்டையில் பொத்தான்களை எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டி தைத்தோம். நாளாக ஆக, கதவு நிலை வந்தால் அவள் கால் தரையில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. பிடித்து இழுக்கக் கூடாது, விழுந்துவிடுவாள். தாளம் கொடுத்தால் கால் கிளம்பும் என்றார்கள். மாமா விசிலை எடுத்து ஒரு ஊது ஊதி, "ரைட், போலாம்" என்பார். அவள் கால் கிளம்பிவிடும். "கண்டக்டரக் கட்டிக்கிட்டதுக்கு இப்பதான் பிரயோஜனம்" என்று அவள் முணுமுணுப்பாள். குரலுக்குப் பயிற்சியாக, பழைய பேருந்து அறிவிப்புகளைத் தினம் அரை மணி நேரம் உரக்கச் சொல்வாள். இப்போது ஓடாத வண்டிகளெல்லாம் அந்த வீட்டுக் கூடத்தில் நேரத்துக்குக் கிளம்பின.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அவள் பேச ஆரம்பித்தால் வாக்கியத்தை நான் முடிக்கக் கூடாது. மனசுக்குள் பத்து எண்ணவேண்டும். என் சுபாவத்துக்கு அது லேசான காரியமில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. எல்லோரும் தம்பி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவுக்கு வரும். என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். தூக்கம் என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு பிற்பகல். மாமா மாத்திரை வாங்கப் போயிருந்தார். அக்காவின் கண் வறண்டுபோகாமலிருக்க நான்தான் சொட்டு மருந்து விடுவேன். இரண்டு கண்ணுக்கும் விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். சட்டைப் பையில் எட்டு மாதமாக வைத்திருந்த காகிதத்தை எடுத்து அவள் மடியில் விரித்தேன்.

"அக்கா, கடைசி வரி தெரியல."

எண்ணினேன். ஏழு வந்தபோது கேட்டாள். "படிச்சேன்னு சொன்ன?"

"பொய். ரெண்டு வரிக்கு மேல படிக்கல. எப்பவும் எழுதற மாதிரியே இதையும் எழுதியிருக்கன்னு நெனச்சேன். டிராயர்ல போட்டுட்டேன். டாக்டர்கிட்ட போன அன்னிக்குச் சாயங்காலம்தான் மிச்சத்தப் படிச்சேன். கடைசி வரி மட்டும் முடியல."

அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் அப்படியே இருந்தது.

"அப்ப நீ படிச்சிட்டு வராம இருக்கல" என்றாள்.

"இல்லக்கா."

"நான் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். இத்தன நாளா." அந்தச் சாம்பல் நூலின்மேல் விரலை வைத்தாள். படிக்கவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. "எவ்வளவு பெருசா எழுதினாலும் தானா சின்னதாகுது. விளையாட்டுன்னு நெனச்சுடாதடா. இதுதான்."

எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, வயசுக்குத் தகாத மாதிரி அழுதேன். என் தலைமேல் அவள் கை வந்து இறங்க ரொம்ப நேரமானது.

"நானும் அழறேன்" என்றாள். "தெரியுதா?"

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் ஈரம் இருந்தது. நான் விட்ட மருந்தா, கண்ணீரா என்று சொல்ல முடியவில்லை. இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"தெரியலக்கா. நீ வாயால சொல்லு. ஒவ்வொரு தடவையும் சொல்லு. நான் நம்பறேன்."

பத்து எண்ணினேன். இருபதும் எண்ணினேன்.

"அவளும் நம்பியிருக்கலாம்" என்றாள் அக்கா.